நினைப்பில் வந்த நாய்

எனக்கு நாய் என்றால் பயம். இதைச் சொன்னால் யாருக்குத்தான் பயமில்லை என்று சிரித்துவிட்டுப் போவார்கள். என் பயம் அந்த வகையில் சேராது. தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தால் அந்தத் தெருவே எனக்குக் கிடையாது. பஸ் நிறுத்தத்தில் நாய் நின்றால் இறங்காமல் உட்கார்ந்திருந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வருவேன். கல்யாணமாகி ஆமத்தூர்ப் பக்கம் வந்த பிறகு ரேஷன் கடைக்குப் போக எனக்கு ஒரே வழிதான். ஊரைச் சுற்றி, கண்மாய்க் கரை மேலேறி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறங்குகிற வழி. நாயில்லாத வழி அது ஒன்றுதான்.

காரணமும் எனக்குத் தெரியும். நான் பிறந்தது வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அப்போது காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடலை பிடுங்கி முடிந்த காட்டில் மண்ணுக்குள் தங்கிப்போன தப்புக்கடலையைப் பொறுக்க நாங்கள் பிள்ளைகள் எல்லாம் போவோம். ஒருநாள் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது காட்டுக்காரருடைய காவல் நாய் பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அது குரைக்கவே இல்லை. குரைத்திருந்தால் ஓடியிருப்பேன். காயம் ஆறி வடுவாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து குரைக்கிற நாயைவிடக் குரைக்காத நாயைக் கண்டால்தான் எனக்கு அதிகப் பயம்.

இந்தப் பயத்தோடு பல வருடம் எந்தச் சிக்கலும் இல்லாமல் வாழ்ந்தேன். வீட்டிலேயே இருந்து வெடி டப்பா ஒட்டினேன். என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்க்கிறார். டப்பா ஒட்டுகிறவளுக்கு நாய் எங்கே குறுக்கே வரப்போகிறது? பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு எனக்கு வேறு ஒரு வேலை கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ், வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிற வேலை. தோளில் ஒரு பை. அதற்குள் பி.பி. மெஷின், சர்க்கரை பார்க்கிற கருவி, விரலில் மாட்டினால் நாடித்துடிப்பைக் காட்டுகிற ஒரு சின்ன கிளிப். முதல் நாள் அந்தப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கு என்னைப் பார்க்கவே பிடித்திருந்தது.

வீடு வீடாகப் போவதென்றால் வாசல் வாசலாகப் போக வேண்டும் என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. எங்கள் பக்கம் வாசலுக்கு ஒரு நாயாவது இருக்கும். தெருவில் நின்றுகொண்டு, "நாயக் கட்டுங்கக்கா" என்று சத்தம் கொடுப்பேன். அவர்கள் கட்டிவிட்டேன் என்று சொல்லி, கயிற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பேன். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் எனக்கு முன்பே ராகம் போட்டு, "நாயக் கட்டுங்கக்கா" என்று கூவ ஆரம்பித்தார்கள். அதுவே என் பெயராகிவிட்டது. கோபம் வரவில்லை. அந்தச் சத்தத்தில் நாயைக் கட்டிவிடுகிறார்களே என்று ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஊருக்கு வெளியே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் ஒரு தோட்டத்து வீடு உண்டு. சொந்தமாக நிலம் வைத்து விவசாயம் பார்க்கிற பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவருடைய மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். அவருக்கு வாரம் தவறாமல் பி.பி. பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் இருந்தது எங்கள் பக்கத்து சிப்பிப்பாறை நாய். சாம்பல் நிறம், ஒட்டிய வயிறு, நீளக் கால்கள். முயல் பிடிக்கிற இனம். அந்த நாய் குரைக்கவே குரைக்காது.

பெரியவர் ஒவ்வொரு முறையும் நான் போகுமுன் அதைக் கட்டிவைத்துவிடுவார். ஒருநாள் தண்ணீர் பாய்ச்சுகிற மும்முரத்தில் மறந்துவிட்டார். இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு நான் பாதி வாசல் போயிருப்பேன். மோட்டார் ரூம் நிழலில் இருந்து ஒரு சாம்பல் கோடு என்னை நோக்கி வந்தது. பையை வீசிவிட்டேன். பக்கத்தில் நின்ற டிராக்டர் டிரெய்லரில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. மேலே நின்று நான் போட்ட கூச்சலில் பெரியவர் வாய்க்காலில் இருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தார். நாயை அதட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "கடிக்காதும்மா, மோந்துதான் பாக்கும்" என்றார். நாய் வளர்க்கிற எல்லோரும் சொல்வது அதுதான். பி.பி. மெஷினின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. முழங்காலில் தோல் வழன்றிருந்தது. உள்ளே கட்டிலில் கிடந்த அந்த அம்மா என் கூச்சலைக் கேட்டுப் பயந்துபோய் அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு பி.பி. பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டு, இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த வேலை எதற்கு, பேசாமல் டப்பாவே ஒட்டிக்கொண்டிரு என்றார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அந்த வேலையை விட மனம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை எதிர்பார்த்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். அதை ஒரு நாய்க்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று தோன்றியது.

மெஷினை மாற்றப் போனபோது சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா நடந்ததைக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை மனநல ஆலோசகர் வருவார், அவரைப் பார் என்றார். எனக்கென்ன பைத்தியமா என்றேன். பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறாய், அதுபோலத்தான் இதுவும் என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆலோசகர் என்னைவிட வயதில் சின்னவர். சேலம் பக்கத்துப் பெண். நான் டிரெய்லரில் ஏறின கதையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அதுவரை அதைக் கேட்டு யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. பிறகு என் பையிலிருந்த கிளிப்பையே எடுத்து என் விரலில் மாட்டச் சொன்னார். நாடி அமைதியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தோட்டத்து வீட்டுக் கேட்டைத் திறக்கிறதாக நினைத்துப் பார்க்கச் சொன்னார். நினைத்தேன். கேட் கிறீச்சிட்டது. நிழலில் ஏதோ அசைந்தது. அவர் கண்ணைத் திறக்கச் சொன்னபோது கருவியில் எண் நூறைத் தாண்டி நின்றது. உள்ளங்கை நனைந்திருந்தது.

"நாய் இங்க இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"உங்க மூளைக்கு அந்த வித்தியாசம் பெருசில்லை. உள்ள பயத்துக்குன்னு மணி அடிக்கிற ஒரு இடம் இருக்கு. நாய் கண்ணு முன்னாடி நிக்குதா, நினைப்புல நிக்குதான்னு அது விசாரிக்கிறதில்ல. மணியை அடிச்சிரும். ஒவ்வொரு தடவையும் நீங்க ஓடினதும், ஓடினதாலதான் தப்பிச்சோம்னு அது பாடம் படிச்சுக்குது."

அப்படியென்றால் இதிலிருந்து மீளவே முடியாதா என்று கேட்டேன். முடியும் என்று அவர் தலையை ஆட்டினார். நினைப்புக்கே மணி அடிக்கிறதென்றால், அந்த மணியை அடங்க வைக்கிற பழக்கத்தையும் நினைப்பிலேயே தொடங்கலாம், நிஜ நாய் பிறகு வரட்டும் என்றார். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். அன்று காலையில் வரும் வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால் சரம் வெடித்துப் பார்த்தார்களாம். தனக்குத் தூக்கிவாரிப் போட்டதாம்.

"ஆனா ரோட்டுல படுத்திருந்த நாய் காதைக்கூட ஆட்டல. அது எப்படி?"

"அது குட்டியிலருந்து கேக்குதுல்ல. பழகிப்போச்சு," என்றேன்.

"யாராவது அதுகிட்டப் போய் தைரியமா இருன்னு சொன்னாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாயைப் பற்றிப் பேசும்போது நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவர் எனக்குக் கொடுத்த வேலை இதுதான். தினமும் மதியம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியை வாய்விட்டுச் சொல்லிப் போனில் பதிய வேண்டும். இப்போது நடந்துகொண்டிருப்பதுபோலச் சொல்ல வேண்டும். கேட்டில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு வாரமும் நாயைக் கொஞ்சம் கிட்டே வரவிட வேண்டும். நாடி ஏறினால் ஏறட்டும், அது தானாக இறங்குகிறவரை அங்கேயே நிற்க வேண்டும். நினைப்பில்கூட ஓடக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே கண்டிப்பு.

முதல் வாரம் நான் ஏமாற்றினேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாகவே வந்தது. கண்ணை மூடி நாயைக் கூப்பிட்டால் அது குட்டியாக வந்தது. இல்லாவிட்டால் கழுத்தில் சங்கிலியோடு வந்தது. ஒருநாள் நாய் வருமுன்பே பெரியவர் மண்வெட்டியோடு வந்து எனக்குக் காவலாக நின்றுகொண்டார். அடுத்த வியாழக்கிழமை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த ஆலோசகர், "நினைப்புலயும் கட்டிப் போட்டுட்டீங்களா?" என்றார். பிடிபட்டுவிட்டேன். பிறகு நாயின் காது எப்படி இருக்கும், வால் எப்படி, மூக்கு என்ன நிறம் என்று கேட்டார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாயின் முகத்தையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை. பல்லைத்தான் பார்த்திருக்கிறேன், அதையும் பாதிக்கு மேல் நானாகக் கற்பனை செய்திருக்கிறேன்.

அதனால் பெரியவருக்குப் போன் செய்து, உங்கள் நாயின் போட்டோ ஒன்று அனுப்ப முடியுமா ஐயா என்று கேட்டேன்.  பிறகு என் போன் நிற்கவே இல்லை. நாய் நிற்கிற படம், படுத்திருக்கிற படம், காட்டில் ஓடுகிற வீடியோ, அதன் அம்மாவின் படம். டிரெய்லரில் ஏறினவளுக்குத் தன் நாயைப் பிடித்துவிட்டது என்று அவர் மகிழ்ந்துபோயிருக்க வேண்டும். முதல் நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள் ஒரு படத்தைப் பார்த்தேன். காது மடிந்து விழுந்திருந்தது. ஒரு கண்ணுக்கு மேல் பழைய கீறல் தழும்பு இருந்தது.

நானே சொல்லிப் பதிந்த காட்சியைப் போனில் ஓடவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து சீக்கிரம் வந்துவிட்டார். சமையலறையில் என் குரல், "இப்ப அது எந்திரிக்குது, என்னயப் பாத்து வருது, நான் நிக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் முழு விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒப்பவில்லை.

"எங்க கம்பெனில பயமில்லாதவனப் பக்கத்துலயே சேக்க மாட்டாக. பயம் இருந்தாத்தான் கை நிதானமா இருக்கும். அதப் போயி எதுக்குப் புள்ள எடுக்கணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மருந்து அறைக்குள் செருப்பில்லாமல் போவதும், மருந்துக் கிண்ணத்தை உரசி இழுக்காமல் தூக்கி வைப்பதும் அந்தப் பயத்தால்தான். அவர் தினமும் முழுசாக வீடு வருவதும் அதனால்தான். இதை நான் ஆலோசகரிடமே கேட்டேன்.  அவர், அந்தப் பயத்தோடு வீட்டுக்காரருடைய கை வேலை செய்கிறதா, நின்றுவிடுகிறதா என்று கேட்டார். வேலை செய்யும் என்றேன். உங்களுக்கு என்று கேட்டார். எனக்கு அந்த டிரெய்லர்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது சரிதான்" என்றார். அதற்குப் பிறகு மதியப் பயிற்சி முடிந்ததா என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

வாரங்கள் போயின. நினைப்பில் நாய் மோட்டார் ரூமைத் தாண்டியது. வாசலுக்கு வந்தது. என் எதிரில் வந்து நின்றது. ஒவ்வொரு புதுக் கட்டத்திலும் கருவியில் எண் சட்டென்று ஏறும். விடாமல் நின்றால் இறங்கும். மறுநாள் அதே இடத்தில் அவ்வளவு ஏறாது. என் உடம்பு என் கண் முன்னாலேயே கற்றுக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஒருநாள் நாய் வந்து என் கையை முகர்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் வந்து உலுக்கினபோதுதான் விழித்தேன். அந்த இடத்திலேயே தூங்கிப்போயிருக்கிறேன். நாய் எனக்கு அலுத்துவிட்டது. ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து மறுநாள் நேர்வழியில் ரேஷன் கடைக்குப் போனேன். கடை வாசலில் ஒரு செவலை நாய் எழுந்து நின்றதும் நெஞ்சு பழையபடி அடித்தது. எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். கால் திரும்பவில்லை. முன்னால் நின்ற பெண்ணின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். நெஞ்சு ஏறின அளவுக்கு ஏறி, பிறகு மெதுவாக இறங்கியது. நான் பழகின அதே இறக்கம். அரிசி வாங்கிக்கொண்டு அதே தெரு வழியாகவே திரும்பினேன்.

தோட்டத்து வீட்டுக்கு அதுவரை ஒவ்வொரு வாரமும் போனில் நாயைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் போவேன், அடுத்த வாரம் சொல்லாமலே போனேன். பெரியவர் காரியாபட்டிக்கு விதை வாங்கப் போயிருந்தார். கேட்டைத் திறந்தபோது வாசலில் நாய் கட்டப்படாமல் படுத்திருந்தது. தலையைத் தூக்கியது. எழுந்தது. நான் மனசுக்குள் அத்தனை தடவை பார்த்த அதே நடையில் வந்தது. இரண்டு காட்சியும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியதுபோல இருந்தது.  பையை இறுக்கிக்கொண்டு நின்றேன். கண்ணுக்கு மேல் இருந்த கீறலைப் பார்த்தேன். அது என் கையில் மூக்கை வைத்தது. சில்லென்று ஈரமாக இருந்தது. நினைப்பில் எவ்வளவு பார்த்தும் அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. பையை முகர்ந்தது, கணுக்காலை முகர்ந்தது, திரும்பி எனக்கு முன்னால் வீட்டைப் பார்க்க நடந்தது. நான் அதன் பின்னால் போனேன்.

உள்ளே அந்த அம்மா கட்டிலில் இருந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டும் என் கூப்பாடு கேட்கவில்லையே என்று நினைத்திருப்பார் போல. நாயும் நானும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்து அவர் கண் விரிந்தது.

"கட்ட... லயா?" என்று குழறினார்.

"கட்டலம்மா. அதுவா கூட்டிட்டு வந்துச்சு," என்றேன்.

அவருடைய இடது பக்க வாய் சிரித்தது. பி.பி. பார்த்தேன், நன்றாக இறங்கியிருந்தது. அவர் தன் நல்ல கையால் கிளிப்பை எடுத்து என் விரலைக் காட்டினார். மாட்டிப் பார்த்தேன். நூற்றிச் சொச்சம். அப்போதும் என் நெஞ்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் ஓடவில்லை. எண்ணை அவரிடம் காட்டினேன். இருவரும் சிரித்தோம். நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வீட்டில் காபி போட்டுத் தர ஆளில்லை. அவர் கேட்டதால் நானே அடுப்பைப் பற்றவைத்துப் போட்டு, அவருக்குக் கொடுத்து, நானும் குடித்தேன். எங்கள் தெருவிலிருந்து காட்டு வேலைக்குப் போன ஆட்கள் ஒரு காலத்தில், உள்ளே விடாததால், கூலி வாங்க இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்ற வீடுகளில் அதுவும் ஒன்று. திரும்பி வரும்போது மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, பையோடு கொஞ்ச தூரம் ஓடினேன். எதற்கும் பயந்து ஓடவில்லை. உடம்பு கேட்டது, ஓடினேன்.

இப்போது என் வட்டாரத்தில் எனக்கு ஒதுங்கிப் போகிற தெரு கிடையாது. பக்கத்து ஊருக்கு இதே வேலையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அங்கே ஒரு வீட்டுக்கு நாயால் போக முடியவில்லை என்று நர்ஸ் அக்காவிடம் அழுதிருக்கிறாள். அக்கா என்னைத்தான் கூடப் போகச் சொன்னார். போனேன். அந்த நாய் நன்றாகவே குரைத்தது. அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். என் நெஞ்சு கொஞ்சம் ஏறியது, நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. வேலையை முடித்துவிட்டு வரும் வழியில், வியாழக்கிழமை யார் வருவார் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கென்ன பைத்தியமா என்று அவளும் கேட்டாள்.

போன மாதம் தோட்டத்து நாய் குட்டி போட்டது. பெரியவர் கூடையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஊரில் எத்தனையோ பேர் கேட்டு வைத்திருக்கிற குட்டிகள்.

"ஒனக்குத்தாம்மா மொதல்ல. புடிச்சத எடுத்துக்க."

ஒரு குட்டியை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். வயிறு பலூன்போல உப்பியிருந்தது. என் விரலைச் சப்பியது. தாய் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கூடையிலேயே விட்டேன்.

"அம்புட்டுத் தூரம் நான் இன்னும் வரலைய்யா," என்றேன்.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே கட்டிலில் இருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. நான் பையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினேன். தாய் நாய் கேட் வரைக்கும் என்னோடு வந்தது.